விளிம்பில்லாத சக்கரம்

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு வருஷமாக வரலாறு நடத்துகிறேன். பேர் கார்த்திகேய சிவம். பேரரசு என்றால் என்ன, ஏகாதிபத்தியம் என்றால் என்ன என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒன்றரை மணி நேரம் பேசுவேன். அப்பேர்ப்பட்டவனுக்குச் சொந்த வீட்டுச் சாவியை வாங்கத் துப்பில்லை. இதை நான் சொல்லவில்லை, என் மனைவி நீலாயதாட்சி சொன்னாள். உள்ளதைச் சொன்னாள் என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

நேமத்தான்பட்டியில் எங்கள் பூர்வீக வீடு. எட்டுப் பங்காளிக் குடும்பங்களுக்குப் பொது. என் மகள் கிருத்திகாவுக்குத் தை பன்னிரண்டில் முகூர்த்தம். நகை, புடவை, சாப்பாடு எதிலும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்பச்சி, கல்யாணம் நம்ம வீட்டுல நடக்கணும்." மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள். நல்ல மாதிரிதான். ஆனாலும் எத்தனை நாள் பொறுப்பார்கள்? வெள்ளிக்கிழமைக்குள் வீடு உறுதியாகவில்லை என்றால் அங்கேயே மண்டபம் பிடித்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

சாவி சத்தியமூர்த்தி அண்ணனிடம். என் பெரியப்பச்சி மகன். காரைக்குடியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில் ஓடு ஒழுகியபோது, "நீங்கதான் பக்கத்துல இருக்கீக, பாத்துக்கங்க" என்று எல்லோரும் சாவியை அவர் கையில் கொடுத்தோம். ஓட்டை மாற்றினார். பிறகு பூட்டை மாற்றினார். பிறகு கேமரா வந்தது. உள்ளே போவதென்றால் மூன்று மாதம் முன்னால் அவருக்கு எழுதித் தர வேண்டும் என்று ஒரு பலகை வந்தது. ஒவ்வொன்றுக்கும் வீட்டைக் காப்பாற்றத்தான் என்று ஒரு காரணம் இருந்தது. ரோமானியர்களும் நண்பர்களைக் காப்பாற்றப் போய்த்தான் உலகத்தைப் பிடித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலையில் ஐந்தாவது தடவையாக அவர் கடைக்குப் போனேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கென்னப்பா, நான் வேண்டாம்னா சொல்றேன்? ஆதித்தன்தான் ஒத்துக்க மாட்டேங்கிறான்."

எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறிவிட்டது. ஆதித்தன் என் சித்தப்பா மகன், மதுரையில் இருக்கிறான். சின்ன வயசில் ஒரே பாயில் படுத்தவர்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் ஆத்தா தவறியபோது அவன் எட்டிப் பார்க்கவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்தியவன் நான். சாவுக்கு வராதவன் கல்யாணத்தைக் கெடுக்க வந்துவிட்டான் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

நீலா இடியாப்ப மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தால் பாடம் வரும். ஆரம்பித்துவிட்டேன். "பேரரசுன்னா நிலம்னு நெனக்காத நீலா. ரோம்ல அந்தச் சொல்லுக்கு மொதல்ல அர்த்தமே ஆணையிடுற அதிகாரம். நிலமெல்லாம் பின்னாடி வந்தது. நூறு வருசம் முன்னாடி ஒரு கட்சி, உள்ளூர்ல போட எடமில்லாத பணம் வெளியூருக்கு ஓடுறதுதான் ஏகாதிபத்தியம்னு சொன்னுச்சு. இன்னொரு கட்சி, பட்டாளத்தால பேரரசு நிக்கல, உள்ளூர்க்காரன் ஒத்தாசையாலதான் நிக்குதுன்னு சொல்லுது. நம்மாளுக வட்டிக்கடை வைக்க ரங்கூனுக்குப் போனது வெள்ளக்காரன் கொடி நிழல்லதான?"

"சரி. சாவி?"

"அட, கேளு. கடைசியா ஒரு கருத்து வந்திருக்கு." கல்யாணப் பத்திரிகை மாதிரிக்கு வந்திருந்த அட்டையைத் திருப்பிப் போட்டு ஒரு சக்கரம் வரைந்தேன். நடுவில் அச்சு செருகும் குடம். அதிலிருந்து நாலா பக்கமும் ஆரக்கால். சுற்று விளிம்பு மட்டும் கிடையாது. "இதுதான் பேரரசு. ஒவ்வொரு நாடும் நடுவுல இருக்கிறவனோட மட்டும் பேசும். பக்கத்து நாட்டோட பேசாது. எது வேணும்னாலும் நடு வழியாத்தான் போகணும், வரணும். விளிம்பு வந்துருச்சுன்னா அது பேரரசே இல்ல."

எனக்கே என் விளக்கம் பிடித்திருந்தது. நீலா மாவுக் கையோடு குனிந்து பார்த்தாள். இரண்டு ஆரக்கால்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தாள். அட்டையில் மாவு ஒட்டிக்கொண்டது.

"இந்த ஆரக்கால் நீங்க. இது ஆதித்தன் தம்பி. இங்குட்டு ஏன் கோடு இல்ல?"

"அவனோட எனக்கென்ன பேச்சு?"

"அவுக ஒத்துக்கலன்னு யாரு சொன்னா?"

"அண்ணன்."

"ஆதித்தன் தம்பி சொன்னாகளா?"

அட்டையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் கையைக் கழுவினாள், என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள், எண்ணைத் தேடினாள். ஒன்பது வருஷமாகக் கூப்பிடாத எண்ணை நான் அழிக்காமல் வைத்திருந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. "ஊருக்கெல்லாம் வாய் கிழியச் சொல்றீக, ஒரு போன் போட வலிக்குதா?" என்று சொல்லிப் பொத்தானை அமுக்கி என் கையில் கொடுத்துவிட்டாள். என் காது சுட்டது. எடுக்காமல் போனால் தேவலை என்று வேண்டிக்கொண்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தான். "அண்ணே" என்றான்.

"கிருத்திகாவுக்குக் கல்யாணம்" என்றேன். "வீட்டுல வைக்க நீ ஒத்துக்கலையாமே."

"எந்த வீட்டுல? எனக்குக் கல்யாணமே நீங்க சொல்லித்தான்ணே தெரியுது."

அவன் மெதுவாகச் சொன்னான். "ரெண்டு வருசம் முன்னாடி என் மகனுக்குக் காது குத்து வைக்கச் சாவி கேட்டேன். சிவம் ஒத்துக்கலன்னு பெரியண்ணன் சொன்னாக. நீங்க அம்புட்டுக் கோவமா இருக்கீகன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

"என்னைய யாருமே கேக்கலடா."

"பெரியாத்தா தவறுனப்ப?" அவன் குரல் உடைந்தது. "அன்னைக்குத்தான் எம் பொண்டாட்டிக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரி வாசல விட்டு நகர முடியல. ஒங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கல. பெரியண்ணன்ட்ட சொல்லச் சொன்னேன். சொல்லலையா?"

சொல்லவில்லை. அன்றைக்கு என் போன் யார் கையில் இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. சாவு வீட்டுப் பரபரப்பில் அண்ணன் மறந்திருக்கலாம். அதை வேண்டுமென்றே செய்தார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. எல்லாச் செய்தியும் ஒரே ஆள் வழியாகப் போனால் இப்படித்தான் ஆகும். அட பாவமே, ஒரு மறதிக்கா ஒன்பது வருஷத்தைத் தின்னக் கொடுத்தோம் என்று நெஞ்சு வலித்தது. மதுரை என்ன, சீமையிலா இருக்கிறது? அழுதேன். நீலா அடுப்பைப் பார்க்கப் போவது போல் உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் எங்களுக்கு வேகம் வந்துவிட்டது. ஆதித்தன் இரண்டு பேரைக் கூப்பிட்டான், நான் இரண்டு பேரைக் கூப்பிட்டேன், கடைசி ஒருவரை நீலா பிடித்தாள். சாயங்காலத்துக்குள் எல்லோரும் பேசியாகிவிட்டது. ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை. சாவி கேட்ட ஒவ்வொருவரிடமும் இன்னொருவர்தான் தடை என்று சொல்லப்பட்டிருந்தது. சிரித்தோம், கோபப்பட்டோம், மறுபடி சிரித்தோம்.

வியாழக்கிழமை காலையில் ஆதித்தன் மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கினான். தலை நரைத்திருந்தது. இருவரும் பெயின்ட் கடைக்குப் போனோம். ஒரு பெரிய சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளையெல்லாம் நான் வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார். மேசை இழுப்பறையைத் திறந்து சாவிக் கொத்தை எடுத்து மேலே வைத்தார். அவ்வளவுதான். ரோம் விழ நூற்றாண்டுகள் ஆயின, இவர் விழ ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நீங்க சொன்னது பொய்யில்லையாண்ணே?" என்றான் ஆதித்தன்.

"பொய்தான். ஆளுக்கு ஆள் விசேஷம் வச்சா தரைக் கல்லெல்லாம் பேந்து போகும்னு பயந்தேன். மொதல்ல அதுதான்." அண்ணன் எங்களைப் பார்க்காமல் பேசினார். "அப்புறம் பழகிப் போச்சு. ஒங்க அண்ணி தவறுனதுக்கு அப்புறம், பையனும் கனடாவுல, எனக்குன்னு யாருப்பா போன் பண்றா? சாவி இருந்தா ஏழு வீட்டுக்காரவுகளும் பண்ணுவீக."

தயார் செய்து வைத்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. பதினோரு மழைக்காலம் போயிருக்கிறது. ஓடு ஒழுகுகிறதா என்று நான் ஒரு தடவைகூட அவரிடம் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. "எந்திரிங்கண்ணே, வண்டில ஏறுங்க" என்றேன். மாட்டேன் என்றார். ஆதித்தன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டான். பிறகு வந்தார்.

நேமத்தான்பட்டியில் பூட்டைத் திறக்க அண்ணனுக்கு மட்டும்தான் பக்குவம் தெரிந்திருந்தது. சாவியைப் பாதி நுழைத்து, கொஞ்சம் தூக்கி, அப்புறம் திருப்ப வேண்டும். "இப்படி, பாத்துக்கங்க" என்று இரண்டு தடவை செய்து காட்டினார். மூன்று பேரும் சேர்ந்து கதவைத் தள்ளினோம். உள்ளே ஒரு கல்கூடப் பேரவில்லை. தரை பளிச்சென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சே சரியாக வந்தது. அந்தத் தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.

சென்னையிலிருந்து கிருத்திகா கூப்பிட்டாள். "அப்பச்சி, மாப்ள வீட்டுக்கு என்ன சொல்ல? வீடு கெடச்சிருச்சா?"

முப்பத்தோரு வருஷம் வகுப்பெடுத்த வாய்க்கு ஒரு 'ஆமாம்' வரவில்லை. ஆதித்தன் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"கெடச்சிருச்சு ஆத்தா. நான் ஆதித்தன் சித்தப்பா பேசுறேன்."

அவன் குரலை அவள் கடைசியாகக் கேட்டது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது.

"சித்தப்பா, கல்யாணத்துக்கு வருவீகளா?"

"வந்துட்டேன் ஆத்தா" என்றான். "வீட்டுக்குள்ளதான் நிக்கிறேன்."