பச்சைப் பாயும் பொன்னாடையும்

ராஜகீழ்ப்பாக்கம் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை விற்பனை என்றால் புஷ்பத்துக்கு அது பூசணிக்காய் ஏலமும் இல்லை, பிரியாணியும் இல்லை. சாயங்காலம் ஆயரம்மா மைக்கைப் பிடித்து, கூட்டம் அதிகம் வந்த ஸ்டால்காரரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார் பாருங்கள், அந்த ஒரு நிமிஷம்தான் பண்டிகை. விளையாட்டு ஸ்டால் போட ஆரம்பித்த வருஷத்திலிருந்து மேடைக்குக் கீழே முதல் வரிசையில், கூப்பிட்டால் எழுந்து போக வசதியாக ஓர நாற்காலியில் உட்காருவாள். இதுவரை கூப்பிட்டதில்லை.

அவளுடைய விளையாட்டு பந்து உருட்டு. பளபளவென்று ஒரு சன்மைக்கா பலகை, நடுவில் சாக்பீஸ் கட்டம். ரப்பர் பந்தை உருட்டி கட்டத்துக்குள் நிறுத்தினால் சோப்பு டப்பா பரிசு. எங்கே நிற்பது? பந்து வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் செருப்பு ஸ்டேண்டுக்குப் போய்தான் ஓயும். ஒரே சோப்பு டப்பா வருஷக்கணக்காக வீட்டுக்கும் சபைக் கோயிலுக்கும் போய்ப் போய் வருவதை அவள் பெருமையாகவே சொல்லிக்கொள்வாள். "என் ஸ்டால்ல பரிசு சும்மா போயிடாது."

இந்த வருஷம் பக்கத்திலேயே அதே பந்து உருட்டு வந்து நின்றது. போட்டது வேறு யாருமில்லை, பிளஸ்ஸி. புஷ்பத்தின் கொழுந்தன் ஜாய்சனைக் கட்டி, அதே வீட்டு மாடியில் குடியேறியிருக்கும் ஓரகத்தி. பலகைக்குப் பதிலாக, மாடி பால்கனியில் விரித்திருந்த பச்சை பிளாஸ்டிக் புல்பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பாய் வந்த அன்றே, "மாடு ஏறி வந்து மேயப்போகுது" என்று புஷ்பம் சொன்னது தெரு முழுக்கத் தெரியும். இப்போது பாயின் நடுவில் வெள்ளை வட்டம் போட்டிருந்தது. மாடு வரவில்லை, சபையே வந்தது.

புல்லில் பந்து தடுமாறித் தடுமாறி மெல்ல நிற்கும். சின்னப் பிள்ளைகள்கூட வட்டத்துக்குள் நிறுத்திவிட்டுப் பேனா வாங்கிக்கொண்டு குதித்தன. புஷ்பத்தின் பலகை வெயிலில் தன்பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்களும் ஒண்ணு உருட்டுங்களேன்" என்றாள் பிளஸ்ஸி.

"எனக்கு இருக்குற வேலையில..." என்றாள் புஷ்பம். ஈ ஓட்டுவதும் ஒரு வேலைதானே.

மத்தியானம் எல்லோரும் ஹாலுக்குச் சாப்பிடப் போனார்கள். பிளஸ்ஸியும் போனாள். புஷ்பம் மட்டும் நின்றாள். பிளஸ்ஸி ஊருக்குப் போயிருந்தபோது ஒருநாள் அந்தப் பாயைப் பெருக்கியவள் அவள். ஒரு பக்கம் இழுத்தால் துடைப்பம் சிக்கும், மறுபக்கம் இழுத்தால் வழுக்கும். புல்லெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கும் பாய் அது. காலையில் புல் பந்தை எதிர்த்துக்கொண்டு நின்றது. அப்படியே பாயைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால்? பந்து ஓடும், யாரும் ஜெயிக்க மாட்டார்கள், கூட்டம் கலையும். திருப்பிவிட்டாள். வட்டம் நடுவில் இருந்ததால் வித்தியாசமே தெரியவில்லை. கைகழுவிவிட்டுப் போய்ப் பிரியாணி சாப்பிட்டாள். அன்றைக்கு லெக் பீஸ்கூட ருசியாக இருந்தது என்று கேள்வி.

திரும்பி வந்தால், நினைத்தது நடந்தது. பந்து வட்டத்தைத் தாண்டித் தாண்டிப் போனது. பிள்ளைகள் முகம் சுளித்துக் கிளம்பின. புஷ்பம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பலகையைத் துடைத்தாள்.

அப்போதுதான் பாடகர் குழு சின்னப்பன் சார் பிளஸ்ஸியின் பாய்க்கு வந்தார். உருட்டினார். பந்து வட்டத்துக்குள் நுழைந்து, வேகம் குறைந்து, நிற்கப்போகிறது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்தபோது, ஓரத்தில் எட்டிப்பார்த்து மெதுவாக வெளியே போனது.

"அட! ஒரு நூல்ல போச்சு! இன்னொண்ணு குடும்மா."

வாலிபர் சங்கத்து ஜெபின் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான். "சார், காலைல மழை பெஞ்ச கிரவுண்ட் மாதிரி பந்து நின்னுது. இப்ப காய்ஞ்சுடுச்சு, ஓடுது. கையில வெயிட்டே குடுக்கக்கூடாது."

"நீ உருட்டிக் காட்டு பார்ப்போம்."

அவனுக்கும் ஒரு நூலில் போனது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அதனாலேயே அடுத்தவர் வந்தார். காலையில் பிள்ளைகள் ஒரு தடவை ஜெயித்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது பெரிய மனிதர்கள் தோற்றுத் தோற்று மறுபடி வரிசைக்கு வந்தார்கள். புஷ்பத்தின் பலகையில் பந்து ஒருநாளும் நிற்பதுபோல் பாவனைகூடக் காட்டியதில்லை. இந்தப் பாழாய்ப்போன பாயோ நிற்கிறேன் நிற்கிறேன் என்று ஆசை காட்டிவிட்டுப் போகிறது.

வரிசையில் ஒரு பழக்கமான வழுக்கைத் தலை தெரிந்தது. புஷ்பத்தின் வீட்டுக்காரர் தேவானந்தம். மனைவியின் பலகையில் ஒரு பந்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனிதர்.

"என்னங்க, இங்க என்ன?"

"இரு புஷ்பா. இதுல ஒரு டெக்னிக் கீது. மெதுவா, ஆனா ரொம்ப மெதுவா இல்லாம விடணும்."

விட்டார். போனது. திரும்ப வரிசையின் கடைசிக்குப் போனார்.

சாயங்காலம் ஆயரம்மா மைக்கைத் தட்டினார். புஷ்பம் பழக்கதோஷத்தில் ஓர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிளஸ்ஸியைக் கூப்பிட்டார்கள். போர்த்தினார்கள். தட்டினார்கள். புஷ்பமும் தட்டினாள், சத்தம் வராமல்.

பிளஸ்ஸி மைக்கை வாங்கினாள். "காலைல ரொம்ப ஈஸியா இருந்துச்சு, பேனாவெல்லாம் தீர்ந்துபோற மாதிரி ஆயிடுச்சு. எங்க அக்காதான் லஞ்ச் டைம்ல யார்கிட்டயும் சொல்லாம பாயைத் திருப்பிப் போட்டுக் காப்பாத்தினாங்க. ஹால் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். இது அவங்களுக்குத்தான்."

இறங்கி வந்து பொன்னாடையைக் கழற்றிப் புஷ்பத்தின் தோளில் போர்த்தினாள். பிளஸ்ஸிக்குத் தட்டியதைவிட அதிகமாகத் தட்டினார்கள். புஷ்பம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். குத்தலா, நிஜமா? பல் தெரியச் சிரித்தாளே தவிர ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை வருஷம் ஆசைப்பட்ட ஆடை தோளில் கிடக்கிறது. கைதட்டலோ போர்த்தியவளின் நல்ல மனசுக்கு. அதையும் பிளஸ்ஸியே எடுத்துக்கொண்டாள்.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது தேவானந்தம் சொன்னார், "எவ்ளோ பெரிய மனசு பாரு அந்தப் பொண்ணுக்கு. கடைசி பந்து மட்டும் கொஞ்சம்..."

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

பட்டுப் புடவைமேல் அந்த ஆடை நிற்கவே இல்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் வழுக்கி வழுக்கி இறங்கியது. கீழே விழுந்தால் விழட்டும் என்று விடவும் மனசில்லை. வீடு வரும்வரை புஷ்பம் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.