ஆர்லிஸ் கழற்றிய புரொப்பல்லர்

கறுப்பு உடுப்புக்கு மேல் கணவனின் நீல வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஆர்லிஸ் ஆறாவது போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மணி எட்டேகால். பதினொரு மணிக்கு வெர்லினை அடக்கம் செய்ய வேண்டும்.

வீடு முழுக்கத் தேடிவிட்டு விமானக் கொட்டகைக்கு வந்த மகள் சிக்னிக்கு மூச்சு வாங்கியது. அப்பாவின் முப்பது வருடத்துச் சிநேகிதர் லைல், விமானத்தின் மூக்கிலிருந்த புரொப்பல்லரை அடியிலிருந்து இரு கைகளாலும் தாங்கிக்கொண்டிருந்தார். சவப்பெட்டி தூக்க வேண்டியவர். டையைச் சட்டைக்குள் செருகியிருந்தார்.

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா? ஊரே சர்ச்சுக்குக் கிளம்பிட்டிருக்கு."

"புரொப்பல்லரை மாத்தினா விமானத்தை மறுபடி எடை போடணும். அந்தத் தராசு மத்தியானம் வரைக்கும்தான் நம்மகிட்ட. அப்புறம் வேற ஊர் விமான கிளப்புக்குப் போயிடும். திரும்பி வர ஜூன் ஆகும்."

"ஜூன்ல போட்டா குடியா முழுகிடும்?"

"திங்கக்கிழமை காத்து அடங்குதாம். அன்னைக்கு இதுல முதல் தடவையா பறக்கப்போறேன். லைல், விட்டுடாதே, உன் கால்ல விழும்."

சிக்னி லைலை முறைத்தாள். அவர் கூரையைப் பார்த்தார். ஆர்லிஸ் ஒன்றை நினைத்துவிட்டால் குறுக்கே விழுந்து தடுக்க விஸ்கான்சின் மாநிலத்தில் ஆள் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

அந்த விமானத்தை வெர்லினும் ஆர்லிஸும் ஒன்பது வருடமாகக் கட்டினார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரும் இரண்டே இருக்கை. இதயம் மக்கர் செய்ததில் வெர்லினின் ஓட்டும் உரிமை போய்விட்டது. அவள் ஓட்டுவாள், அவர் பின்னால் உட்காருவார் என்று ஏற்பாடு. ஒன்பது வருடத்தில் எதற்கும் சண்டை வரவில்லை, புரொப்பல்லரைத் தவிர. அவருக்கு இரண்டு பிளேடு வேண்டும்: மரம், லேசு, வேகம், பார்க்க லட்சணம். அவளுக்கு மூன்று பிளேடு வேண்டும்: அதிர்வு குறைவு, நீளம் குறைவு, அதனால் புல் ஓடுதளத்தில் தரை தட்டாது. "மூணு பிளேடு சமையலறைக் காத்தாடிக்குத்தான் லாயக்கு" என்பார் அவர். "ஒன்பது வருஷமா நம்ம வீட்ல சமைக்கிறது யாராம்?" என்பாள் அவள். இரண்டையும் வாங்கி வைத்துவிட்டார்கள். அப்படி ஒரு வீம்பு.

கடைசியில் போன செப்டம்பரில் தராசுதான் தீர்ப்புச் சொன்னது. மூன்று சக்கரத்துக்கடியிலும் தராசு வைத்து, இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். வெர்லின் ஷூவைக் கழற்றினார், பையிலிருந்த சில்லறையை எடுத்து லைலிடம் கொடுத்தார், மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். அப்படியும் இருநூற்று முப்பத்தொரு பவுண்டு. வால் பக்கம் கனம் தாங்கவில்லை. மூக்கில் பதினான்கு பவுண்டு கூடுதலான மூன்று பிளேடை மாட்டினால்தான் அவர் பின்னால் ஏற முடியும் என்று கணக்கு சொன்னது. "நான் ஜெயிக்கல வெர்லின், உன் தொப்பை ஜெயிச்சுது" என்று ஆர்லிஸ் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை, முன்னறைக் கட்டிலில் சாகக் கிடந்த வெர்லினின் உதட்டில் சிக்னி ஐஸ் துண்டை வைத்தபோதும் அவர் பேச்சு அதுதான். "அந்த மூணு பிளேடு அசிங்கம்தான். ஆனா அது இருந்தாத்தானே நான் ஏறலாம்." காபியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு ஆர்லிஸ் திரும்பி வருவதற்குள் மூச்சு நின்றிருந்தது.

இப்போது அந்த மூன்று பிளேடைத்தான் லைல் தரையில் விரித்த போர்வையில் இறக்கி வைத்தார். ஆர்லிஸ் சுவரிலிருந்த மரப் புரொப்பல்லரை எடுத்தாள்.

சிக்னி அம்மாவுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "அப்பா ஆசைப்பட்டாருன்னு மாத்தறியா? அதுக்காக உன் உயிரைப் பணயம் வைப்பியா?"

"ஆசையாவது மண்ணாவது. அந்த விஷயத்துல உங்கப்பா சொன்னது இன்னைக்கும் தப்புதான். முன்னால நான் மட்டும் உக்காந்து, மூக்குல அந்தக் கனமும் இருந்தா, மூக்கு குத்திக்கும். பின் சீட்ல எடை வெச்சாகணும். மரம் லேசு, அதுக்கு எடை வேண்டாம்."

"வெச்சுக்கோயேன். எல்லாரும் மணல் மூட்டை வெச்சுத்தானே பறக்கறாங்க?"

லைல் மெதுவாகச் சொன்னார். "கட்டி வெச்சுட்டோம்மா. புது விமானத்துல முதல் நாப்பது மணி நேரம் ஓட்டறவங்க தனியாத்தான் பறக்கணும். அதுக்குன்னு நாலு மூட்டை. உங்கப்பாவே கட்டினாரு. சரியா தன் எடைக்கு."

ஆர்லிஸ் போல்ட்டை விரலால் திருகி ஏற்றினாள். "அவர் இருந்தா, நாப்பது மணி நேரம் மூட்டை. அப்புறம் அவர். இப்ப எத்தனை மணி நேரம் பறந்தாலும் மூட்டைதான். அவர் இடத்துல மணலைக் கட்டிக்கிட்டு என்னால பறக்க முடியாது சிக்னி. அதை மட்டும் முடியாது."

"பறக்காமலே இருந்துடேன். அப்பாவும் போயிட்டாரு. நீயும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" சொல்லும்போதே சிக்னி அழுதுவிட்டாள்.

ஆர்லிஸ் ஸ்பானரை வைத்துவிட்டு, கிரீஸ் கையோடு மகளின் கன்னத்தைத் துடைத்தாள். கன்னம் கறுத்ததுதான் மிச்சம். "ஒன்பது வருஷம் ஒவ்வொரு ஆணியும் நான் பார்த்து அடிச்சது. எனக்கு பயம் இருக்கு. ஆனா இது இங்க நின்னு தூசி படியறதைப் பாக்கறதுதான் அதைவிட பயம். சமநிலை கணக்கு நீயே போடு. எல்லைக்குள்ள வரலைன்னா இறங்கிடறேன். சத்தியம்."

அம்மா சத்தியம் செய்து மீறியதில்லை. சிக்னி படிவத்தையும் பென்சிலையும் வாங்கிக்கொண்டாள்.

பத்து மணிக்கு விமானத்தைத் தராசுகளின் மேல் தள்ளி ஏற்றினார்கள். ஆர்லிஸ் கறுப்பு உடுப்பை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். லைல் குனிந்து குனிந்து மூன்று சக்கரத்தின் எண்களையும் படித்தார். சிக்னி எழுதினாள்.

"முன் சீட்?"

"நூத்தி நாப்பத்திரெண்டு. ஷூவோட. நான் ஏமாத்த மாட்டேன்."

லைல் சிரித்தார். சிக்னியும் கொஞ்சம் சிரித்தாள். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது.

ஆர்லிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. "என்ன, நின்னுட்டே?"

"பின் சீட்டும்மா."

லைல் ஏற்கனவே படித்து முடித்த தராசைக் குனிந்து மறுபடி பார்த்தார்.

"சைபர்" என்றாள் ஆர்லிஸ்.

சிக்னி சைபர் போட்டாள். பிறகு கூட்டி, பெருக்கி, வகுத்து, இன்னொரு தடவையும் சரிபார்த்தாள். கணக்கு எல்லைக்குள் வந்தது.