இருபத்து மூன்று பொத்தான்கள்

நான் மாட்டு டாக்டர். மற்ற நாட்களில் மாடுகளைப் பிழைக்க வைப்பது வேலை. வியாழக்கிழமை மட்டும் இறைச்சிக்கூடத்தில் நின்று, அறுத்த மாட்டின் இறைச்சி சாப்பிட லாயக்கா என்று பார்த்து முத்திரை குத்துவேன். "உள்ள விடற வாசல்லயும் நீங்க, வெளிய அனுப்பற வாசல்லயும் நீங்க" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். அந்த வியாழக்கிழமை வரைக்கும் நானும் சேர்ந்துதான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை வரிசையில் ஆறாவதாக நின்றது கருப்பி. பால்காரம்மாவின் மாடு அது. கயிற்றைப் பிடித்தபடி அவரும் நின்றார். பக்கத்தில் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவன் தொழில். அவனை அந்தத் தொழிலில் இறக்கிவிட்டதே நான்தான்.

"மாமா, ஒரு உதவி," என்றான். முகம் கறுத்துப்போயிருந்தது. "கருப்பிக்கு மூணு தடவ ஊசி போட்டேன். மூணு தடவையும் சினை புடிச்சுது, ரெண்டு ரெண்டரை மாசத்துல கலைஞ்சிடுச்சு. என் கை ஆகாத கைன்னு தெருத்தெருவா பேசறாங்க. ஒருத்தரும் கூப்பிடறதில்ல. கர்ப்பப்பைய அறுத்துப் பாத்து நீங்களே சொல்லுங்க. என் தப்புன்னா இன்னியோட இந்த வேலைய விட்டுடறேன்."

"நானும் அதுக்குத்தான் வந்தேன் டாக்டர்," என்றார் பால்காரம்மா. "தம்பிய வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். உண்மை தெரியணும்ல."

உண்மை எனக்குத் தெரியும். பதினாறு மாதமாகத் தெரியும்.

கருப்பி கடைசியாகக் கன்று போட்டபோது நஞ்சுக்கொடி விழவில்லை. ஒரு பகல், ஒரு ராத்திரி தொங்கிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை பால்காரம்மா என்னைக் கூப்பிட்டார். அன்று பதினொரு மணிக்கு மாடு வளர்ப்போர் கூட்டத்தில் நான் பேசுவதாக இருந்தது. தலைப்பையும் சொல்லித் தொலைக்கிறேன்: கன்று ஈன்ற மாட்டைப் பராமரிப்பது எப்படி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றிச் சைக்கிள் மேல் போட்டுவிட்டுத் தொழுவத்துக்குள் போனேன்.

மாட்டின் கர்ப்பப்பையில் நஞ்சுக்கொடி உள்பக்கம் முழுக்க ஒட்டுவதில்லை. வரிசை வரிசையாகச் சின்ன மேடுகள் இருக்கும். பொத்தான்கள் என்று நாங்கள் சொல்வோம். கரு முதல் மூன்று வாரம் எதிலும் ஒட்டாமல் உள்ளே மிதக்கும், நூல் மாதிரி நீளும். அப்புறம்தான் இந்தப் பொத்தான்களைப் பிடித்துக்கொள்ளும். தாயிடமிருந்து கன்றுக்குப் போவதெல்லாம் அந்த வழியாகத்தான். பொத்தான்கள் பிறக்கும்போது எத்தனையோ அத்தனைதான். பிய்த்தால் திரும்ப முளைக்காது. ஆகவே கொடியை எடுப்பதென்றால், சட்டைப் பொத்தானைக் கழற்றுவதுபோல் ஒவ்வொன்றாக விரலால் நெகிழ்த்த வேண்டும். விடவில்லையென்றால் கையை எடுத்துவிட வேண்டும். மருந்து கொடுத்துக் காத்திருந்தால் நாலைந்து நாளில், ஒரு வாரத்தில் தானாகவே விழும். என் பேச்சின் முதல் பக்கத்தில் இதுதான் இருந்தது.

முதல் பத்துப் பொத்தான்கள் சொன்ன பேச்சு கேட்டன. அதற்கப்புறம் இறுக்கம். மணி பத்தரை. "எப்படியாவது எடுத்துடுங்க டாக்டர்" என்று பின்னால் பால்காரம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இழுத்தேன். பொத்தானே வேரோடு கையில் வந்தது.

அது என்னவென்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அடுத்ததை இழுத்தேன். இதைத்தான் இன்றைக்கும் யாரிடமும் விளக்கிச் சொல்ல முடியவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வசதிகூட எனக்கு இல்லை.

அவர் வெந்நீர் எடுக்கப் போன நேரத்தில் வாளியில் கிடந்ததை எண்ணினேன். இருபத்து மூன்று. மேலே வைக்கோலைப் போட்டு மூடினேன். வந்தவர் என் கையில் பதமாகத் தண்ணீர் ஊற்றினார், சோப்பு கொடுத்தார், மடிப்புக் கலையாத புதுத் துண்டைக் கொடுத்தார். "உங்க கை ராசியான கை டாக்டர்" என்றார். நான் தலையாட்டினேன். கூட்டத்துக்குச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்ல கைதட்டல்.

அதன்பின் கருப்பிக்குக் காய்ச்சல் வந்தது, சீழ் வந்தது. மருந்து கொடுத்துக் குணமாக்கி, அதற்கும் நன்றி வாங்கிக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு தடவை சினை கலைந்தபோதும் பழி மச்சினன் தலையில் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் அவன் அக்கா அவனுக்காகக் கண்ணைக் கசக்கியபோதும், "அவன் கொஞ்சம் கவனமா இருக்கணும்" என்றுதான் சொன்னேன். அப்படிச் சொன்ன வாய் இது.

இறைச்சிக்கூடத்தில் கருப்பியின் கர்ப்பப்பை மேஜைக்கு வந்தது. மாட்டின் கர்ப்பப்பை கொம்பு மாதிரி இரண்டாகப் பிரியும். இடது கொம்பைக் கீறினேன். பொத்தான்கள் நாலு வரிசையாக, பிசகில்லாமல் இருந்தன. வலது கொம்பைக் கீறினேன். பாதிக்கு மேல் வழவழவென்று வெளுத்த தழும்பு.

மச்சினன் குனிந்தான். இதே மேஜையில், அறுத்த ஆடுகளின் கர்ப்பப்பையை வைத்து அவனுக்குப் பாடம் சொன்னவன் நான். "ஆட்டுப் பொத்தானுக்கு நடுவுல குழி, மாட்டுப் பொத்தானுக்கு மேடு" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பான். இப்போது அவன் விரல் வரிசையாகத் தடவிக்கொண்டே போய் நின்றது.

"இங்க ஒண்ணையும் காணோமே மாமா. கரு வந்தா எதைப் புடிச்சுக்கும்?"

நான் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பொறவியிலேயே இப்படியா?"

அவனே கதவைத் திறந்துவிட்டான். நான் நுழைந்துகொண்டேன்.

"ஆமா மாப்ள. பொறவிக் குறை. முன்னாடி போட்ட கன்னெல்லாம் இடப்பக்கம் தங்கியிருக்கும். உன் மேல எந்தத் தப்பும் இல்ல."

அவன் திரும்பி நின்று தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவனையும் காப்பாற்றினோம், நாமும் மாட்டவில்லை என்று ஒரு நிமிடம் சந்தோஷமாகவே இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வாசலில் நின்ற பால்காரம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"பொறவிக் குறையா? அப்ப பொடிசுக்கும் அப்படித்தானே இருக்கும்?"

பொடிசு, கருப்பியின் கடைசிக் கன்று. அன்று அந்தக் கொடியோடு பிறந்த கிடேரி. யார் போனாலும் சட்டை நுனியைப் பிடித்து இழுக்கும்.

"அதுக்கெல்லாம் வராதும்மா," என்றேன் அவசரமாக.

"எப்படிச் சொல்றீங்க? உள்ள பாத்தீங்களா? ஆத்தாளுக்கு இருந்தது மகளுக்கு இருக்காதுன்னு சத்தியம் பண்ணுவீங்களா?" அவர் பெருமூச்சு விட்டார். "அடுத்த மாசம் ஊசி போடலாம்னு ஆசையா இருந்தேன். வேணாம். இன்னொரு தடவ வளத்து வளத்து ஏமாற எனக்குத் தெம்பில்ல. அடுத்த வியாழக்கெழம அதையும் கூட்டிட்டு வந்துடறேன்."

கருப்பியை அறுத்த ரத்தம் தரையில் இன்னும் காயவில்லை. அடுத்த வாரம் அதே இடத்தில் அந்தக் கிடேரி. கையில் முத்திரையோடு நான்.

"கொண்டாராதீங்கம்மா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பொறவிக் குறை இல்ல. கருப்பி நல்லாத்தான் பொறந்துது. நான்தான் பிச்செடுத்தேன். அன்னிக்குக் கொடி எடுக்கறேன்னு, அவசரத்துல."

எல்லாவற்றையும் சொன்னேன். சட்டை, கூட்டம், வாளி, வைக்கோல்.

மச்சினன்தான் முதலில் பேசினான். என்னைப் பார்க்கவில்லை. "அந்தக் கூட்டத்துல நான் முதல் வரிசையில உக்காந்து கை தட்டினேன் மாமா."

பால்காரம்மா மேஜையருகே வந்து அந்த வெளுத்த இடத்தையே பார்த்தார்.

"எத்தனை?"

"இருபத்து மூணு."

"எண்ணுனீங்களா?"

"எண்ணினேன்."

"எண்ணிட்டுதான் மூடுனீங்களா?"

"ஆமா."

திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் கருப்பியின் கயிற்றை முழங்கையில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

"தம்பி, உன்னப் பேசுனதெல்லாம் மனசுல வெச்சுக்காத. அடுத்த மாசம் பொடிசுக்கு ஊசி போட நீயே வா."

வாசல்வரை போனவர் என் பக்கம் திரும்பினார்.

"அது கன்னு போட்டு, கொடி விழலேன்னாக்கூட நீங்க வராதீங்க டாக்டர். தானா விழற வரைக்கும் நான் காத்துக்கிட்டிருப்பேன்."