நாற்பது மதிப்பெண் பாலம்

நாற்பத்திரண்டு விடைத்தாள்களில் நாற்பத்தொன்று, இல்லாத பாலத்தின் மேல் படையை நடத்திக்கொண்டு போயிருந்தன. அந்தப் பாலத்தை மூன்று வருடத்துக்கு முன்பே வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியிருப்பது கரைக்கொரு குட்டிச்சுவர்தான். ஒரு மகராசன், 'பாலத்தை நேரில் சோதித்தேன், உறுதியாக உள்ளது' என்று வேறு எழுதியிருந்தான். பேனாவை மூடி வைத்துவிட்டேன். கோபப்படக் கூடாது என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அவருக்கென்ன, அவர் இந்த ராணுவப் பயிற்சிக் கழகத்தில் பாடம் நடத்தவில்லை.

அதிகாரிகளாகப் போகிற பிள்ளைகளுக்கு வரைபடம் பார்க்கவும் திட்டம் போடவும் சொல்லித் தருவது என் வேலை. தேர்வன்று வரைபடத்தைக் கையில் கொடுத்து ஓடைக்கரையில் இறக்கிவிடுவோம். இரண்டு மணி நேரம் இடத்தைச் சுற்றிப் பார்த்து, முப்பது பேரை எப்படி அக்கரைக் குன்றுக்குக் கொண்டுபோவது என்று எழுத வேண்டும். நாற்பது மதிப்பெண். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? மரத்தடியில் உட்கார்ந்து தாத்தா நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். பழைய மாணவர்கள் விட்டுப்போன குறிப்புக்கு அவர்கள் வைத்த பெயர் அது. நகல் எடுத்து எடுத்து அதிலுள்ள படத்தில் ஓடையே தலைமுடி மாதிரி ஆகிவிட்டது, பாலம் மட்டும் கல்லுக்குண்டாக நிற்கிறது.

நாற்பத்திரண்டாவது தாள் சர்வேயருடையது. எங்கே போனாலும் அடி எண்ணிக்கொண்டே நடப்பாள் என்பதால் கூடப் படிக்கிறவர்கள் அந்தப் பெண்ணுக்கு வைத்த பட்டப்பெயர். அவள் மட்டும் ஓடையில் இறங்கியிருந்தாள். தாளின் ஓரத்தில் சேறு. 'பாலம் இல்லை. இந்த இடத்தில் கழுத்தளவு தண்ணீர். மேற்கே நானூற்றுப் பத்து அடி நடந்தால் முழங்காலளவு. அங்கே கடக்கலாம்' என்று எழுதியிருந்தாள். ஆறு வருடத்தில் இப்படி ஒரு தாளை நான் திருத்தியதில்லை. அச்சிட்ட விடைக்குறிப்பின்படி அதற்கு நான் போட வேண்டியது பூஜ்யம்.

அவள் ஏற்கெனவே காய்ச்சலில் படுத்து ஒரு பருவம் பின்தங்கியவள். இதிலும் தோற்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தாளை எடுத்துக்கொண்டு தலைமைப் பயிற்றுநரான கர்னலிடம் போனேன்.

"விடைக்குறிப்புல பாலம் இருக்குல்ல?" என்றார்.

"ஓடையில இல்லையே சார்."

"பரீட்சை பேப்பர்லதானே நடக்குது?"

இரண்டு வருடத்தில் வரைபடத்தை மாற்றச் சொல்லி நான் மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். மூன்றுக்கும் 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வந்தது. அதை அவருக்கு நினைவுபடுத்தினேன்.

"அதுக்குக் கமிட்டி கூடணும். இந்த பேட்ச் வெளிய போனப்புறம்தான் கூடும். நீங்க இவ்வளவு சொல்றதால ஒண்ணு பண்றேன். வெள்ளிக்கிழமை மறுதேர்வு வெச்சுக்கலாம். அதே கேள்வி. குறிப்புப்படி எழுதினா பாஸ்."

எனக்கு உதவி செய்துவிட்ட திருப்தியோடு கோப்பை மூடினார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டில் என் முகத்தைப் பார்த்ததுமே மனைவி, "என்ன, ஊரையெல்லாம் திருத்திட்டு வந்தாச்சா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா, உங்க நியாயத்த வெச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா?" என்றாள். அவள் கேட்டது சரிதான் என்ற எரிச்சலில் அவள் மேலேயே எரிந்து விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சர்வேயரை வகுப்பறைக்குக் கூப்பிட்டேன். பருவத்தின் முதல் பாடத்தில் நான் கரும்பலகையின் மூலையில் பெயிண்டாலேயே எழுதி வைத்த வரி அங்கே இருந்தது: 'கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது.' அதை மறைத்தாற்போல நின்றுகொண்டேன்.

"இந்த ஒரு தடவை பாலம் இருக்குன்னு எழுதிடும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். "அங்க இல்ல சார். நான் எறங்கிப் பார்த்தேன்."

"தெரியும். நீ எழுதினதுதான் சரி. ஆனா பாஸாகணும்ல?"

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சரி சார்" என்று சல்யூட் அடித்துவிட்டுப் போனாள். தாத்தா நோட்டைத் தேடிப் பிடித்துப் படித்திருக்க வேண்டும். பாலத்தின் இரு முனையிலும் காவல், கடக்கும்போது ஆளுக்கு ஆள் ஐந்தடி இடைவெளி என்று பிசகில்லாமல் எழுதி முப்பத்தெட்டு வாங்கினாள். என் கையாலேயே போட்டேன்.

"பாத்தீங்களா, சொல்லிக் குடுத்தா எல்லாரும் கத்துக்குவாங்க" என்று கர்னல் என் முதுகில் தட்டினார்.

கடைசி மாதம் களப்பயிற்சி. அன்று முப்பது பேருக்கும் சர்வேயர்தான் தலைவி. முதல் நாள் பெய்த மழையில் அதே ஓடை நிறைந்திருந்தது. மேட்டில் நின்ற ஜீப்பில் நானும் கர்னலும் இருந்தோம். அங்கிருந்து ஓடை தெரியாது. முதுகுச் சுமையோடு முப்பது பிள்ளைகள் அவள் பின்னால் புதருக்குள் இறங்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஓடைக்கரையை அடைந்துவிட்டதாகத் தகவல் வந்தது. நான் வயர்லெஸ்ஸை எடுத்தேன்.

"ஓடை எப்படியிருக்கு? கடக்க முடியுமா?"

திரும்பவும் கேட்டேன்.

"சார்," என்றாள். "பார்த்ததைச் சொல்லணுமா, குறிப்புல இருக்கிறதைச் சொல்லணுமா?"

அவள் குரலில் குத்தல் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். இல்லை. எந்தச் சீருடை போட வேண்டும் என்று கேட்கிற மாதிரி, ஒழுங்காகக் கேட்டாள். கர்னல் தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பார்த்ததைச் சொல்லும்மா" என்றேன்.

வயர்லெஸ் இரைந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது, பின்னால் நிற்கிறவர்கள் பேசுவது கேட்டது. அவள் குரல் வரவில்லை. முன்பெல்லாம் கேட்ட மாத்திரத்தில் எத்தனை அடி என்று சொல்லிவிடுகிற பெண். இப்போது எனக்கு எது பிடிக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.