கலையப்போகும் வாரியத்தின் தலைவி

கிர்க்பெக் ஊரின் சுகாதார வாரியம் வசந்தத்தில், ஏப்ரல் பிறந்ததும் கலைந்துவிடும் என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து அதன் நிர்வாக இயக்குநர் கீத் பாரக்ளஃபுக்கு நிம்மதி போய்விட்டது. பக்கத்து ஊர் வாரியங்களையும் சேர்த்து ஒரே பெரிய வாரியமாக்கப் போகிறார்கள். மூன்று நிர்வாக இயக்குநர்கள் இருந்த இடத்தில் இனி ஒருவர்தான். அந்த வேலைக்குக் கீத்தும் விண்ணப்பித்திருந்தார்.

ஜனவரியில் மண்டல அலுவலகத்திலிருந்து ஜூலியன் போனில் கூப்பிட்டார். வாரியங்களை இணைக்கும் வேலை முழுவதும் அவர் பொறுப்பு.

"அந்த ராத்திரி நர்ஸுங்க விஷயத்த நீங்களே முடிச்சு வெச்சிடுங்க, கீத். புது வாரியம் பொறக்கும்போதே கெட்ட பேரு எதுக்கு?"

கடைசிக் காலத்தில் வீட்டிலேயே படுத்திருப்பவர்களை இரவெல்லாம் சுற்றிவந்து வலி தணிக்கும் குழு அது. குன்றுப் பண்ணைகள் வரைக்கும் போவார்கள். அதை மூடினால் கூச்சல் எழும் என்று கீத்துக்குத் தெரியும். ஆனால் தேர்வுக் குழுவில் ஜூலியனும் இருக்கிறார் என்பதும் தெரியும். அந்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கடைசி வரியாக அதைச் சேர்த்தார். முடிவுக்காக அல்ல, தகவலுக்காக.

வாரியத்தின் தலைவி ஏவ்ரில் ஹார்ட்காசில். பிஸ்கட் ஆலையில் தொழிலாளர் நல அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். அவரும் இன்னும் சிலரும் வெளி உறுப்பினர்கள். அவர்களுக்கு அங்கே மேசையும் கிடையாது, உத்தரவு போடும் வேலையும் கிடையாது. மாதம் ஒரு முறை கூடி, நிர்வாகம் செய்வது சரிதானா என்று கேட்பதுதான் அவர்கள் பொறுப்பு. கலையப்போகும் வாரியத்தில் கேட்க என்ன மிச்சம் இருக்கிறது என்று கீத் நினைத்திருந்தார்.

ஏவ்ரில் கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். ஊரில் யாரையும் அவர் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்.

"கீத் கண்ணு, இது தகவலா, முடிவா?"

"சும்மா நிர்வாக ஏற்பாடுதான், ஏவ்ரில்."

"லொரைனுக்குத் தெரியுமா?" லொரைன் அந்த நர்ஸ் குழுவின் தலைவி.

"இன்னும் சொல்லல."

மருந்துக்கடை வைத்திருக்கும் ஜுனைத் காஸியும் வெளி உறுப்பினர். அவர் தேநீரைக் கலக்கியபடி, "அவங்களுக்கே சொல்லாதத நமக்குச் சொல்லியிருக்காரு. நமக்கு என்னா மரியாதை பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஏவ்ரில் சிரிக்கவில்லை, கீத்தை மேலும் குடையவும் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, கார் நிறுத்துமிடம் வரை அவருடன் நடந்தார்.

"யாரு சொல்லிச் செய்றீங்க?"

ஜூலியன் பேசியதைக் கீத் சொல்லிவிட்டார். "எனக்கு அம்பத்தி மூணு வயசு, ஏவ்ரில். இத விட்டா என்னை யாரு எடுப்பாங்க?"

"பயமாத்தான் இருக்கும். எனக்கும் அதே ஆளு புது வாரியத்துல ஒரு இடம்னு ஜாடையா சொல்லியிருக்காரு. அது எனக்கு வேணும், பொய் சொல்ல மாட்டேன். வீட்டுல உக்காந்து ரோஜாச் செடி வெட்டிக்கிட்டு இருக்க எனக்கு வராது." மழையில் காரின் சாவியைத் தேடினார். "ஆனா இத உங்க ஒருத்தர் தலையில கட்டுறது நியாயமில்ல. வாரியம் முடிவு பண்ணட்டும். திட்டு விழுந்தா எங்க மேல விழட்டும். பின்ன நாங்க எதுக்கு இருக்கோம்?"

அந்த மழையிலும் கீத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல் இருந்தது.

பிப்ரவரிக் கூட்டத்தை ஏவ்ரில் ஆஸ்பத்திரி கேன்டீனில் போட்டார். கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. நர்ஸுகள் சுவரோரம் வரை நின்றார்கள்.

"ஏப்ரல்ல எங்களுக்கு வேலை இருக்கா இல்லையா?" என்றாள் லொரைன். "சுத்தி வளைக்காம சொல்லுங்க."

"தெரியல, கண்ணு."

ஏவ்ரில் எழுந்து நின்றார்.

"தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லி உங்கள அனுப்பி வெக்க மாட்டேன். நாங்க இருக்குற வரைக்கும் மூடலாமா வேணாமான்னு இப்ப உங்க முன்னாடியே முடிவு பண்றோம். அதுக்கப்புறம் மூடணும்னா, புது வாரியம் இதே மாதிரி இங்க வந்து உக்காந்து, நீங்க சொல்றத கேட்டுட்டுத்தான் மூடணும். அத ஒப்படைப்பு ஒப்பந்தத்துல சேக்கணும்னு நான் சொல்றேன்." பிறகு திரும்பினார். "நிர்வாகம் என்ன சொல்லுது, கீத்?"

கீத் எழுந்தார். "மூடணும்னு யோசனை கொண்டாந்தது நான். அது தப்பு. திரும்ப வாங்கிக்கிறேன்."

மூட வேண்டாம், அந்த நிபந்தனையும் வேண்டும் என்று உறுப்பினர்கள் கை தூக்கினார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை.

மறுநாள் ஜூலியன் கூப்பிட்டபோது ஏவ்ரில் கீத்தின் அறையில் இருந்தார். போனின் ஸ்பீக்கரை ஏவ்ரிலே போட்டார்.

"கலையப்போற வாரியம் இப்படியெல்லாம் கட்டுப்படுத்தக் கூடாது, ஏவ்ரில்."

"கலையுற வரைக்கும் நாங்கதானே வாரியம், ஜூலியன் கண்ணு."

"உங்க இடத்தப் பத்தி யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். ஜுனைத் விண்ணப்பம் போடுறாரு, நான் போடல. என் பதவிக்காகத்தான் பேசறேன்னு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "கொஞ்சம் டீ கெடைக்குமா?" என்றார் ஏவ்ரில். கீத் தானே போய் எடுத்து வந்தார்.

ஜூலியன் பிறகும் இழுத்தடித்தார். ஆனால் உள்ளூர்ப் பத்திரிகையில் கேன்டீன் கூட்டத்தின் செய்தி வந்துவிட்டதால் அந்த நிபந்தனையை நீக்க முடியவில்லை. பெரிய வேலை கீத்துக்குக் கிடைக்கவில்லை. வேறொருவருக்குக் கீழே, வீடு தேடிப் போகும் சேவைகளைக் கவனிக்கும் பொறுப்பு கிடைத்தது. ஜுனைத்துக்குப் புது வாரியத்தில் இடம் கிடைத்தது.

கடைசிக் கூட்டத்தில் பாராட்டுரை வாசிக்க நான்கு பேர் தயாராக வந்திருந்தார்கள். "அதெல்லாம் அப்புறம். மில் தெரு கிளினிக் கூரை ஒழுகுது, அது யாரு பொறுப்பு?" என்று ஏவ்ரில் அரைமணி நேரம் அதையே பேசவைத்தார். கூரைக்கு உத்தரவு போன பிறகு பாராட்டுக்கு நேரமில்லை. கேக்கை நின்றபடியே தின்றார்கள்.

இலையுதிர் காலத்தில், நர்ஸ் குழுவை மூடலாமா என்று கேட்க, புது வாரியம் கிர்க்பெக் கேன்டீனுக்கு வந்து உட்கார்ந்தது. மனைவியைப் பறிகொடுத்த ஒரு பண்ணைக்காரர் அவளுடைய கடைசி வாரத்தைப் பற்றிப் பேசினார். நர்ஸ் குழு தப்பியது, அவர்கள் சுற்றிவரும் கார்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே கீத் ஏவ்ரிலுக்குப் போன் செய்து சொன்னார்.

"எந்தக் கார எடுத்தாங்க?"

"நீலம். கதவு சாத்தாதது."

"லொரைன் என்ன சொன்னா?"

"அந்தக் காரு இல்லாம எப்படின்னு கத்துறா."

"கத்தட்டும், கத்தட்டும்" என்றார் ஏவ்ரில். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு, போனை வைக்க மனமில்லாமல் கீத் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்.