ஒரே மூச்சில் போன வாழ்த்து

ஒவ்வொரு டிசம்பரிலும் கோயமுத்தூர் பம்பு உற்பத்தியாளர்கள் ஓர் ஓட்டல் கூடத்தில் கூடுவார்கள். வரப்போகும் ஆண்டில் விளம்பரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று வெளியூர் நிபுணர்கள் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். தொண்ணூற்றெட்டில் சென்னைக்காரர் ஒருவர் இனி எல்லாம் கேபிள் டிவிதான் என்றார். இன்னொருவர் வண்ணப் பத்திரிகைகளைச் சொன்னார். பெங்களூரிலிருந்து வந்த இளைஞர் இரண்டையும் ஒதுக்கித் தள்ளினார்.

"தொண்ணூத்தொன்பது ஈமெயில் வருஷம் சார். உலகத்துல எங்க இருந்தாலும் உங்க வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் ஒரே மூச்சுல சேதி போயிடும். இதைப் பிடிச்சுக்காதவங்க காணாமப் போயிடுவாங்க."

கூடத்தில் இருந்த பம்பு முதலாளி சுந்தரராஜுலு அந்தக் கடைசி வார்த்தையோடுதான் வீடு திரும்பினார். மறுநாள் துடியலூர் ஃபாக்டரிக்கு வந்தவர் நேராக ஏற்றுமதிப் பிரிவுக்குப் போனார். பிரிவு என்பது ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சாஜிதா பேகம். உக்கடத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். வெளிநாட்டுக் கடிதங்கள் எல்லாம் அவள் கைவழியாகத்தான் போகும்.

"அம்மணி, நம்ம வெளிநாட்டுப் பார்ட்டிக அத்தனை பேருக்கும் புது வருஷ வாழ்த்து ஒண்ணு ஈமெயில்ல போட்டுருங்க. ஒரே மூச்சுல போகோணும்."

"ஒவ்வொருத்தருக்குத்தான் இதுவரைக்கும் அனுப்பியிருக்கறனுங்க. மொத்தமா அனுப்பிப் பழக்கமில்லீங்க."

"அதுதான் ட்ரெண்டுங்கறாங்க. போட்டு உடுங்க."

அவர் தொண்டாமுத்தூர்த் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். இரவில் யானைகள் புகுந்து சொட்டுநீர்க் குழாயையெல்லாம் மிதித்துப் போட்டிருந்தனவாம். சாஜிதா வாழ்த்தை அடித்து, முகவரிகளை ஒன்றன் பின் ஒன்றாக மேலே சேர்த்தாள். மோடம் கீச்சிட்டு, கரகரத்து, லைன் கிடைத்தது. சேதி போய்விட்டது. அவளுக்குக்கூடச் சின்னப் பெருமைதான்.

டீ வருவதற்குள் கொழும்பிலிருந்து நன்றி வந்தது. திறந்தவள் மேலே இருந்த முகவரிகளைப் பார்த்தாள். கொழும்புக்காரரின் நன்றி அவளுக்கு மட்டும் வரவில்லை. துபாய்க்கும் நைரோபிக்கும் மஸ்கட்டுக்கும் போயிருந்தது. அவள் அனுப்பிய வாழ்த்தின் தலையில் எல்லா முகவரியும் வரிசையாக நின்றன. யாரெல்லாம் இந்த முதலாளியிடம் பம்பு வாங்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்து வந்தது துபாய்க்காரரின் கேள்வி. அதுவும் எல்லோருக்கும்தான். 'நைரோபி நண்பரே, அரை எச்.பி. மோட்டாரை நீங்கள் என்ன விலைக்கு எடுக்கிறீர்கள்? நான் எடுப்பது இந்த விலைக்கு.'

அதே மோட்டாரை நைரோபிக்காரர் எவ்வளவு கூடுதல் விலைக்கு வாங்குகிறார் என்பது பில் போடுகிற சாஜிதாவுக்குத் தெரியும். பெங்களூர் நிபுணரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் போட்டாள்.

"பிசிசின்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல போட்டிருந்தா ஒருத்தர் முகவரி இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார் அவர் சாதாரணமாக. "கூட்டத்துல அதுவரைக்கும் போக நேரமில்ல."

"அனுப்புனதத் திரும்ப எடுக்க முடியுங்களா?"

"முடியாதும்மா."

போனை வைத்த கையோடு நைரோபியிலிருந்து ஒற்றை வரி வந்தது: சாயங்காலம் முதலாளியோடு போனில் பேச வேண்டும்.

தோட்டத்தில் போன் இல்லை. முதலாளி ஒன்றும் தெரியாமல் வந்து ரிசீவரை எடுத்தால் என்ன ஆகும்? பர்மிஷன் சொல்லிவிட்டு சாஜிதா ஓடினாள். இரண்டு பஸ் மாறி, தொண்டாமுத்தூரில் இறங்கி, விசாரித்து விசாரித்துத் தென்னந்தோப்பைக் கண்டுபிடித்தாள். வழியெல்லாம் ஒரே நினைப்புதான். வேலை போய்விட்டால் வீட்டில் என்ன சொல்வது? பிப்ரவரியில் நடந்த குண்டுவெடிப்புக்கு அப்புறம் உக்கடம் என்று முகவரி எழுதினாலே எத்தனை கம்பெனிகளில் முகம் மாறியது. இவர் ஒருவர்தான் ஒன்றும் கேட்காமல் நாற்காலி போட்டார்.

நசுங்கிய குழாய்களுக்கு நடுவே நின்றிருந்தவர் அவளைக் கண்டு பதறினார். "ஏனுங்க அம்மணி, இத்தன தூரம்? ஃபாக்டரில ஏதாச்சும்?"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் கறுத்துக்கொண்டே போனது.

"நைரோபிக்காரனுக்குத் துபாய் ரேட்டு தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சுங்க."

"உங்களய நம்பிக் கம்ப்யூட்டரக் குடுத்தேன் பாருங்க, என்னயச் சொல்லோணும்! பத்து வருஷமாக் கட்டுன யாவாரத்த ஒரு காலைல கவுத்துப் போட்டீங்களே!"

தலை குனிந்து நின்றவளுக்குத் தன்னையறியாமல் வார்த்தை வந்தது. "முகவரியத் தெரியற மாதிரி போட்டது என்ற தப்புங்க. ரெண்டு ரேட்டு நான் போடலீங்க."

சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. தோப்பில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். சுந்தரராஜுலு கார்க் கதவைத் திறந்து, "ஏறுங்க" என்றார். அம்பாசடர் துடியலூருக்குத் திரும்பியது.

அலுவலகத்துக்குள் நுழையும்போதே போன் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை. "நீங்களே பேசுங்க" என்றார். போனை அவள் பக்கம் தள்ளினார்.

நைரோபிக்காரர் கத்தவில்லை. மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார். "சாஜிதா, உன் கடிதத்தை எல்லாம் நம்பித்தான் படித்தேன். எப்போதிலிருந்து எனக்குக் கூடுதல் விலை?"

அவள் ரிசீவரை மூடிக்கொண்டு முதலாளியைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லாதே என்று அவர் கை காட்டவில்லை.

"ஆரம்பத்திலிருந்தே" என்றாள்.

மறுமுனையில் போனை வைத்துவிட்டார். அந்த மனிதர் அதன் பிறகு ஒரு பம்புகூட வாங்கவில்லை.

"மத்தவங்களுக்கு எழுதுங்க" என்றார் சுந்தரராஜுலு, ஜன்னலை விட்டுத் திரும்பி. "இனிமேப்பட்டு எல்லாருக்கும் ஒரே ரேட்டு. விருப்பமிருந்தா வாங்கட்டும், இல்லீன்னா போகட்டும்."

"தனித்தனியா அனுப்பறனுங்க."

"ஆமாங்க. தனித்தனியா."

லைன் அறுந்து அறுந்து கிடைத்தது. ஒவ்வொரு முறையும் மேலே இருக்கும் முகவரியை அவள் வாய்விட்டுப் படித்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவரும் தலையாட்டினார். கடைசிக் கடிதம் மஸ்கட்டுக்குப் போகும் வரை இருவருமே எழுந்திருக்கவில்லை.