எலி மருந்து இருந்த இடம்

விலங்குக் காப்பகத்திலிருந்து அழைத்தவர்கள் ஷர்மினியைத்தான் கேட்டார்கள். பூனைக்குட்டி வேண்டுமென்று எழுதிக் கொடுத்தவள் அவள். மனைவி டெங்கிக் காய்ச்சலில் போய் நான்கு மாதமாகிவிட்டது என்று சொல்ல முகுந்தனுக்கு வாய் வரவில்லை. "நான் வந்து எடுத்துக்கிறேன்" என்றான்.

கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் வீடு வந்து சேர்வதற்குள் குட்டி இரண்டு முறை வாந்தியெடுத்தது. கண்ணில் பீளை, மூக்கில் சளி, உள்ளங்கை அளவு உடம்பு.

"இந்தச் சனியன எதுக்கு மாப்ள கொண்டாந்த?" என்றாள் இராஜம்மா. ஷர்மினியின் அம்மா. காரியத்துக்கு வந்தவள் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. திரும்பச் சொல்ல அவனுக்கும் தோன்றவில்லை.

சனி, ஞாயிறு அவனே பார்த்துக்கொண்டான். ஊசியில்லாத சிரிஞ்சில் பால், சொட்டு மருந்து, துணிக்கடியில் சுடுநீர்ப் புட்டி. ஞாயிறு மாலை குட்டி எழுந்து நின்று அவன் கட்டை விரலைக் கடித்தது. திங்களன்று அரிசி ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை முடிந்து வந்தபோது எச்சில் வடிய, கால் நடுங்கக் கிடந்தது. இரவு விழித்துத் தேற்றினான். செவ்வாய் மாலையும் அதே நடுக்கம்.

கால்நடை கிளினிக் டாக்டர் ஃபியோனாவுக்கு வீடியோ அனுப்பினான். உடனே அழைத்தாள்.

"இது சளி இல்ல லா. ஏதோ விஷம் மாதிரி. பகல்ல யார் கூட இருக்கு?"

"எங்க அத்தை."

"அவங்களுக்குப் பூனை பிடிக்குமா?"

அவன் போனை வைத்துவிட்டுக் குப்பைத்தொட்டியைக் கிளறினான். பால் கிண்ணத்தை முகர்ந்தான். ஒன்றும் தெரியவில்லை, இராஜம்மா நடமாடும் வீடு முழுக்க அவளுடைய மூட்டுவலித் தைல வாசனைதான். ஸ்டோர் அறையில் எலி மருந்துப் பொட்டலம் பிரித்துக் கிடந்தது. யார் பிரித்தார்கள் என்று ஞாபகமில்லை. எடுத்துக் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

மறுநாள் காலை, "எலி மருந்து எங்க மாப்ள?" என்றாள்.

"எதுக்கு?"

"எதுக்கா? எலிக்குத்தான். வேற எதுக்கு, தோசைக்கா?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. வேலைக்குப் போனவன் பத்து மணிக்கே அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். காரைத் தெருமுனையில் நிறுத்தி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நுழைந்தான். சொந்த வீட்டுக்குள் திருடனைப் போல.

இராஜம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நீட்டிய கால்கள் மீது குட்டி மல்லாந்து கிடந்தது. உள்ளங்கையில் தைலத்தை ஊற்றி, அதன் வயிற்றில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்துப் போயிரும்டி, பொறுத்துக்க. தோட்டத்து ஆயாக்கொட்டாயில புள்ள பாத்தப்ப எத்தன புள்ளைங்களுக்குத் தேச்ச கை இது. பாலு மரம் வெட்டப் போன ஒருத்தியாச்சும் கொற சொல்லியிருப்பாளா?"

குட்டி தலையைத் திருப்பி வயிற்றை நக்கியது.

"அத்தை!"

அவள் திடுக்கிட்டுத் தைலப் புட்டியைக் கவிழ்த்தாள்.

அவன் குட்டியைப் பிடுங்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவினான். டாக்டர் போன் ஸ்பீக்கரில் சொல்லிக்கொண்டே இருந்தாள்: பூனை உடம்புக்குத் தைலம் ஆகாது, தோல் வழியாகவும் ஏறும், நக்கினால் இன்னும் மோசம், துடைச்சு உடனே கொண்டு வாங்க. இராஜம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். காரில் அவளும் ஏறிக்கொண்டாள். வேண்டாமென்று சொல்ல அவனுக்கு நேரமில்லை.

பாதி வழியில் கேட்டாள்: "ஷர்மினிக்கும் காய்ச்சல்ல ஒடம்பு பூரா தேச்சு விட்டேனே, மாப்ள."

நான்கு மாதமாக அவர்கள் இருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"மனுசங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது. அவளுக்கு டெங்கி, அத்தை."

"நெசமாவா? எனக்காகச் சொல்லலயே?"

"நெசமா."

அவள் நம்பவில்லை. கிளினிக் வரும்வரை அவன் முகத்தையே பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு வந்தாள், சந்தேகப்படுவது இப்போது அவள் முறை என்பதுபோல.

இரண்டு நாள் கிளினிக்கில் வைத்திருந்து, வெள்ளி மாலை குட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால். திங்களன்று அவன் வேலைக்குப் போக வேண்டும். சிரிஞ்சை இராஜம்மா கையில் கொடுத்தான். அவள் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு வாங்கினாள்.

பத்து மணிக்கு ஆலையிலிருந்து அழைத்தான்.

"குடிச்சிருச்சு. தூங்குது. வேலயப் பாரு மாப்ள."

"போனக் குட்டிகிட்ட வைங்க."

"தூங்குதுங்கிறேன்!"

"வைங்க அத்தை."

முணுமுணுப்பு, துணி உரசும் ஓசை. பிறகு, தூக்கம் கலைந்த கோபத்தில் ஒரு மெல்லிய கத்தல்.

"கேட்டுச்சா?"

"இன்னொரு தடவ" என்றான்.